இரண்டு வருடத்துக்குள் மறுபடி போன முன் சக்கர பேரிங்: நீடாமங்கலம் பக்கத்து எஸ்டீம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி 2004-ஆம் வருட மாருதி எஸ்டீம் கார், பெட்ரோல். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவருடையது. பதினைந்து வருடப் பதிவு முடிந்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். வாரத்தில் பாதி நாள் வண்டி கொட்டகையில்தான் நிற்கும். கும்பகோணத்தில் மகள் வீடு, தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி, ஊருக்குள் வயல் பார்த்து வருவது, இவ்வளவுதான் ஓட்டம்.

மாசி மாதத்தில் மன்னார்குடியில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். “தம்பி, நாப்பதுக்கு மேல போனா மாவு மில்லுக்குள்ள உக்காந்து போற மாதிரி இருக்கு. ரேடியோ கேக்க முடியல.” அதோடு இன்னொன்றும் சொன்னார். இதே வலது முன் சக்கரத்துக்கு இரண்டு வருடத்துக்குள்தான் வெளியூரில் ஒரு பட்டறையில் பேரிங் மாற்றியிருக்கிறார்கள். உள்வளையம், வெளிவளையம், நடுவில் உருளும் குண்டுகள், இதுதான் பேரிங்; சக்கரம் லேசாகச் சுற்றுவது இதன் மேல்தான்.

இந்த இரண்டாவது தகவல் இல்லையென்றால் இதை எழுத வேலையே இல்லை. பழைய வண்டியில் பேரிங் தேய்வதும் மாற்றுவதும் தினமும் நடக்கிற காரியம். ஒழுங்காகப் போட்ட நல்ல பேரிங் லட்சம் கிலோமீட்டர் தாண்டுவது சாதாரணம். இது பதினைந்தாயிரம்கூட ஓடவில்லை. அப்படியானால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: போலிச் சரக்கு, சுத்தியலால் அடித்து ஏற்றியது, அல்லது உள்ளே தண்ணீர் போனது. வெறுமனே புதுசு போட்டு அனுப்பினால் அடுத்த மாசியில் அதே சத்தத்தோடு அதே வண்டி வாசலில் வந்து நிற்கும்.

சத்தம் எங்கிருந்து

முதலில் ஓட்டிப் பார்த்தேன். தஞ்சாவூர் ரோட்டில் அறுபதில் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். இன்ஜின் சுற்று இறங்கியது, முனகல் இறங்கவில்லை. அதனால் இன்ஜின் பக்கம் போக வேண்டியதில்லை. சக்கர வேகத்தோடுதான் சத்தம் ஏறி இறங்குகிறது. ஆனால் டயரும் அப்படித்தான் சத்தம் போடும். டயர் என்றால் தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏறும்போது சத்தத்தின் குணம் மாறும். இதில் பெரிய மாற்றம் இல்லை.

அப்புறம் காலியான இடம் பார்த்து ஸ்டியரிங்கை மெல்ல இடது பக்கம் திருப்பினேன். சத்தம் ஏறியது. வலது பக்கம் திருப்பினால் அடங்கியது. இடது பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தின் மேல் சாயும். பாரம் ஏறும்போது கத்துவது வலது பேரிங். நீளமான வளைவில் இந்தச் சோதனை இன்னும் தெளிவாகத் தெரியும். பாபநாசம் வழியாகக் கும்பகோணம் போகும் பழைய ரோட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. நீடாமங்கலம் கேட்டில் கூட்ஸ் வண்டிக்காகக் காத்திருந்து, கதவு திறந்ததும் ஜன்னலை இறக்கிவிட்டு மெல்லப் போனபோது வேறொன்றும் காதில் பட்டது. மெதுவான வேகத்தில் சக்கரம் சுற்றச் சுற்ற ‘சரக் சரக்’ என்று எதுவோ உரசியது. அது பேரிங் சத்தம் மாதிரி இல்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

பட்டறையில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம் இருந்தது. ஆட்டம் இருந்தாலே பேரிங் என்று முடிவுகட்டக் கூடாது, நக்கிளைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்தாலும் இப்படி ஆடும். பையனை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அமுக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் பிடித்தால் டிஸ்க்கும், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஹப்பும், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் வழியாக, சுற்றாமல் நின்று ஹப்பைத் தாங்கும் நக்கிளோடு கட்டிப்போட்டது போலாகிவிடும். அந்த நேரத்தில் மறையும் ஆட்டம் ஹப்புக்கும் நக்கிளுக்கும் நடுவில் இருக்கிறது, அதாவது பேரிங்கில். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். கடைசியாக ஒரு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்தது. இடது பக்கம் அதே மாதிரி செய்தால் ஒன்றும் இல்லை.

சிலர் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சத்தம் கேட்பார்கள். மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்கும்போது இரண்டு பக்கச் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் காரணமாகத் தூக்கிய சக்கரம் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கினால் கதை முடிந்தது. கையால் சுற்றினாலே தெரிகிற விஷயத்துக்கு அந்த வீரம் வேண்டாம்.

பிரித்தபோது

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டின் பூட்டை விடுவித்து முதல் சுற்றைத் தளர்த்தினோம். காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டோம். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. டிஸ்க் துருவேறி ஒட்டியிருந்தது. அதில் இருக்கும் மரையுள்ள இரண்டு துளைகளில் 8 மி.மீ. போல்ட்டுகளைச் சமமாக இறுக்கிக்கொண்டே வந்தால் தானாக வெளியே தள்ளப்படும். சுத்தியல் தேவையில்லை. அதெல்லாம் வழக்கமான வேலை.

சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டான டிரைவ் ஷாஃப்டை நக்கிளிலிருந்து உருவியபோதுதான் ‘சரக் சரக்’ என்னவென்று தெரிந்தது. ஷாஃப்டின் வெளி ஜாயிண்டுக்கும் நக்கிளுக்கும் நடுவே கறுத்த கயிறு மாதிரி ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்து விரித்துப் பார்த்தால் வைக்கோல், உளுந்துக் கொடி, அவற்றை ஒன்றாகக் கட்டிப்போட்டபடி வெள்ளை பிளாஸ்டிக் நூல். உரமூட்டை, நெல்மூட்டை பிரியும்போது ரோட்டில் விழுகிற அதே நூல்.

டெல்டாவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். குறுவை, சம்பா அறுவடை நேரத்தில் ரோட்டில் பாதி நெல்லும் வைக்கோலும்தான். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னால் வயலில் தெளித்த உளுந்து பங்குனி, சித்திரையில் பிடுங்கப்பட்டு நேராக ரோட்டுக்கு வரும். போகிற வருகிற வண்டிச் சக்கரம்தான் அதற்குப் போரடிக்கும் மாடு. களம் இல்லாத விவசாயி வேறு எங்கே போவார், அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கீழே விரித்த கொடி சக்கரத்தோடு போய்விடுவதில்லை. சுற்றுகிற ஷாஃப்டில் ஏறிச் சுற்றிக்கொள்கிறது. வைக்கோல் மட்டும் என்றால் கொஞ்ச நாளில் பொடிந்து உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் நூல் உதிராது. ஜாயிண்டின் சூட்டில் இன்னும் இறுகி, பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டுக்கு அடியில் புகுந்து அறுக்கும்.

சீலை நெம்பி எடுத்தோம். உதடு ஒரு பக்கம் வட்டமாகவே இல்லை, அரை அங்குல நீளத்துக்குக் கிழிந்து மடங்கியிருந்தது. மீதி ரப்பர் நகம் வைத்தால் பதியாத அளவுக்கு விறைத்திருந்தது. இரண்டு வருட ரப்பர் இப்படி ஆகாது. உலோக விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் நெம்பிய பழைய தழும்பு வேறு. போன முறை சீலைக் கழற்றி, அதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பேரிங் விலையில் சிறு பங்குதான் சீல். அதில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அல்லது கடையில் கிடைக்கவில்லை.

நக்கிளைத் தனியாகக் கழற்றுவதில் ஒரே சிரமம் பால் ஜாயிண்டைக் கவ்வும் போல்ட். முதல் நாள் மாலையே துரு எண்ணெய் ஊற்றி வைத்ததால் காலையில் அசைந்தது. ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்டைப் புல்லரால் கழற்றினோம். கவை போல இருக்கும் இரும்பை அடித்துச் செருகினால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழியும். ஒரு பேரிங் வேலைக்காக இன்னொரு பாகத்தைக் கெடுத்துக்கொள்வானேன். ஷாக் அப்சார்பர் போல்ட்டுகளைக் கழற்றும் முன் நக்கிள் நின்ற இடத்தை ஆணியால் கோடு கிழித்துக் குறித்தோம்.

லேத் பட்டறை அண்ணன் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஹப்பைத் தள்ளினார். எதிர்பார்த்தபடியே வெளி பேரிங்கின் உள்வளையம் ஹப்போடு வந்துவிட்டது. கேஸ் விளக்கு வைக்கட்டுமா என்றார். “வேண்டாம்ண்ணே, ஹப் பதம் போயிடும்” என்றேன். கிரைண்டரால் வளையத்தின் குறுக்கே முக்கால் ஆழம் கோடு போட்டு உளியால் ஒரு தட்டு தட்டினார். வளையம் பிளந்து கழன்றது. ஹப்பில் கீறல் விழவில்லை.

பழைய பேரிங் சொன்ன சாட்சி

இந்த வண்டியில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய். பெரும்பாலும் பழைய பேரிங் நேராகக் காயலான் கடை டப்பாவுக்குப் போய்விடும். என் அபிப்பிராயத்தில் இந்த வேலையில் அரை மணி நேரம் செலவழிக்க வேண்டிய இடமே அந்த டப்பாதான். இரண்டையும் உடைத்து, டீசலில் கழுவி, வளையம் வளையமாக வெளிச்சத்தில் பார்த்தோம்.

வெளி பேரிங் அவ்வளவு மோசமில்லை. கிரீஸ் கறுத்திருந்தது, குண்டுகள் ஓடும் பாதை பளபளப்பாகவே இருந்தது. உள் பேரிங்தான், அதாவது கிழிந்த சீலுக்குப் பக்கத்தில் இருந்ததுதான், நாசமாகியிருந்தது. கிரீஸ் இல்லை, காவி நிறச் சேறு. அதன் வெளிவளையத்தில் மேற்பக்கம் மட்டும் செதில் செதிலாக உலோகம் பெயர்ந்திருந்தது. கீழே ஏன் இல்லை என்று பையன் கேட்டான். நக்கிளோடு சேர்ந்த வெளிவளையம் சுற்றாது, வண்டியின் பாரத்தை மேலிருந்து ஹப்பின் மேல் அழுத்துகிறது. அதனால் பாரம் எப்போதும் அதன் மேல் பாதியில்தான். உள்வளையம் சுற்றிக்கொண்டே இருப்பதால் அதில் தேய்மானம் சுற்றிலும் பரவியிருக்கும். இரண்டு வளையத்திலும் தேய்மானம் அந்த மாதிரியேதான் இருந்தது. ஆக பாரம் ஏறிய முறையில் கோளாறு இல்லை.

அடுத்து, ஏமாந்துபோகக்கூடிய ஒரு இடம். உள் பேரிங்கின் பாதையில், குண்டுகளுக்கு நடுவே இருக்கும் அதே இடைவெளியில், வரிசையாகத் தடங்கள் தெரிந்தன. லேத் அண்ணன் பார்த்ததும், “அடிச்சு ஏத்தியிருக்கான்” என்றார். அது நியாயமான சந்தேகம். வெளிவளையத்தை ஏற்ற வேண்டிய இடத்தில் உள்வளையத்தின் மேல் அடித்தால் அடி முழுதும் குண்டுகள் வழியாகப் போகும். ஒவ்வொரு குண்டும் பாதையில் ஒரு குழி பதிக்கும். அந்தக் குழிகள்தான் கொஞ்ச நாளில் முனகலாக மாறும்.

ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் இவை குழிகளாக இல்லை. அடிபட்ட குழியின் அடியில் தொழிற்சாலையில் தீட்டிய மெல்லிய கோடுகள் அப்படியே தெரியும், ஏனென்றால் உலோகம் அமுங்கியிருக்கிறதே தவிர அழியவில்லை. அது ஒரு பக்க விளிம்பை ஒட்டியும் இருக்கும். இங்கே தடங்கள் கறுப்பு, ஓரம் ஒழுங்கில்லை, அந்தக் கோடுகள் அரித்துப் போயிருந்தன. இது துரு. தண்ணீர் கலந்த கிரீஸோடு வண்டி பல நாள் அசையாமல் நின்றால், ஒவ்வொரு குண்டும் பாதையைத் தொடுகிற இடத்தில் ஈரம் தங்கி அரிக்கும். அதனால்தான் குண்டு இடைவெளியிலேயே தடம். வாரத்தில் பாதி நாள் கொட்டகையில் நிற்கிற வண்டி என்று முதலிலேயே சொன்னேனே.

வெளிவளையத்தின் மேல் அரம் போட்டுப் பார்த்தோம், வழுக்கியது. பதம் சரியாக இருக்கிறது. மட்டமான இரும்பில் செய்த போலிச் சரக்கு என்றால் அரம் கவ்வும். ஆக முதல் இரண்டு சந்தேகமும் விழுந்தன. பேரிங் நல்லது, பிரஸ்ஸில் ஏற்றியதும் ஒழுங்கு. சீலை மட்டும் மாற்றவில்லை.

தண்ணீர் எப்போது போனது என்று ஆசிரியரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, கார்த்திகை மழையில் கொரடாச்சேரியிலிருந்து திரும்பும்போது ஓரிடத்தில் அரைச் சக்கரத் தண்ணீரில் இறங்கி வந்ததாகச் சொன்னார். அந்தப் பக்கம் அது அதிசயமில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு அணையில் ஆறு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. மழையும் சேர்ந்துகொண்டால் வடிகால் எந்தப் பக்கம் நிரம்பும் என்று சொல்ல முடியாது. ஓடிவந்த சூட்டோடு ஹப் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். சீல் நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. சித்திரையில் உளுந்துக் கொடியும் நூலும் கிழித்து வைத்த சீல் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரை விட்டது. மார்கழி, தை முழுக்க உள்ளே அரித்தது. மாசியில் சத்தம் வந்தது. வரிசை பொருந்துகிறது.

மாட்டியது

தஞ்சாவூரில் இரண்டு பேரிங், சீல், புது ஹப் நட் வாங்கினோம். ஸ்பேசரை அளந்து பார்த்துப் பழையதையே வைத்துக்கொண்டோம், முனைகள் தட்டையாகவே இருந்தன. அதை மறந்துவிட்டு நட்டை இறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கிப் பேரிங்கையே நசுக்கிவிடும். சக்கரம் முதல் நாளிலிருந்தே இறுக்கமாகச் சுற்றும்.

நக்கிள் துளையையும் ஹப்பையும் லேத் அண்ணன் அளந்து சரியென்றார். துளை பெரிதாகிப் பேரிங் கையால் இறங்குகிற நிலைமை என்றால் அங்கேயே நிறுத்தியிருப்போம். பஞ்ச் அடித்தோ பசை தடவியோ இறுக்குவது சரியான வழி இல்லை, நக்கிளையே மாற்ற வேண்டும்.

புது பேரிங்குகளைக் காற்றுப் புகாத கவரில் போட்டு முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன், மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம். 60 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 50 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.035 மி.மீ. சுருங்கும். தலைமுடியைவிட மெல்லிய கணக்குதான், ஆனால் பிரஸ் பொருத்தத்தில் அதுவே பெரிய உதவி. கவர் இல்லாமல் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து, தண்ணீரை நாமே உள்ளே விட்டதாகிவிடும்.

நக்கிளுக்குள் ஏற்றும்போது பழைய வெளிவளையத்தையே கருவியாக வைத்து வெளிவளையத்தின் மேல் மட்டும் அழுத்தினோம். ஹப்பை ஏற்றும்போது அடியில் உள்வளையத்துக்கு முட்டுக் கொடுத்தோம். எந்த வளையம் இறுக்கமாகப் பொருந்துகிறதோ அதன் மேல்தான் அழுத்தம் விழ வேண்டும், குண்டுகள் வழியாகப் போகக் கூடாது. ரப்பர் மூடிய பக்கம் இரண்டிலும் வெளியே பார்த்தபடி. நடுவில் உள்ள இடத்தில் லித்தியம் கிரீஸ் பாதிக்கும் குறைவாக. நிறைய வைத்தால் நல்லது என்று நினைத்து அடைத்தால் சூடேறிச் சீலைத் தள்ளும்.

சீல் உரசுகிற ஷாஃப்ட் பரப்பை நகத்தால் தடவிப் பார்த்தோம். பள்ளம் இல்லை, லேசான துருதான். மெல்லிய எமரி பேப்பரால் சுற்றுவாக்கில் தேய்த்து, புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி மாட்டினோம்.

ஹப் நட்டை ஒருவர் பிரேக் அமுக்கியிருக்க, டார்க் ரெஞ்சால் 175 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிப் பூட்டினோம். அதற்கு முன் வண்டியைக் கீழே இறக்கி உருட்டவில்லை. நட் தளர்வாக இருக்கும்போது பாரம் ஏறினால் புது பேரிங் அங்கேயே அடிபடும். காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று இறுக்கிவிட்டு, “இறுகிடுச்சு சார்” என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய. எவ்வளவு இறுகியது என்று துப்பாக்கிக்கும் தெரியாது, பிடித்தவருக்கும் தெரியாது.

ஓட்டிப் பார்த்த பிறகு

மில் சத்தம் போய்விட்டது. ஆனால் முழு அமைதி இல்லை, அறுபதுக்கு மேல் மெல்லிய ஒரு இரைச்சல் மிச்சம் இருந்தது. ஆசிரியர் முகம் வாடியது. வலது முன் டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தது. ஆட்டம் இருந்த பேரிங்கில் ஓடியதால் வந்த தேய்மானம். அந்த டயரைப் பின்னால் மாற்றி ஓட்டினோம், இரைச்சலும் பின்னால் போய்விட்டது. டயர் என்று உறுதியானது. போல்ட்டுகளைக் கோட்டுக்கே வைத்து மாட்டியிருந்தாலும் அலைன்மெண்ட் பார்க்கச் சொன்னேன், முன் சக்கரங்கள் கொஞ்சம் விலகித்தான் இருந்தன.

“அந்தப் பக்கமும் சேத்து மாத்திடலாமா தம்பி?” என்று கேட்டார். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பிரேக் பேடுக்கு அது சரி, பேரிங்குக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. இடது பக்கம் சுற்றினால் கரகரப்பு இல்லை, ஆட்டம் இல்லை. “வேண்டாம் சார். ஆனா சுத்தியிருக்கிற வைக்கோலை மட்டும் எடுத்துடறேன்” என்றேன். அங்கேயும் ஒரு பிடி இருந்தது, நல்லவேளையாக நூல் இல்லாமல். அதை எடுக்காமல் விடுவது பேரிங்குக்கு மட்டும் கெடுதல் இல்லை. காய்ந்த வைக்கோல் சைலன்சர் குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கலாம்.

அறுவடை நேரத்தில் விரித்த ரோட்டைத் தாண்டி வந்தால் வீட்டில் நிறுத்தியதும் குனிந்து ஷாஃப்டைப் பார்க்கச் சொன்னேன். சூடு ஆறியதும் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும், கையால் பிடித்து இழுத்தால் நூல் இன்னும் உள்ளே இறங்கும். ஆழத் தண்ணீரில் இறங்கும்படி ஆகிவிட்டால் மறுநாள் வண்டியைக் கொட்டகையில் விடாமல் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னேன். குண்டுகள் ஒரே இடத்தில் நிற்காது, உள்ளே போன ஈரமும் சூட்டில் கொஞ்சம் வெளியேறும்.

இடது பக்கச் சீலின் வயது யாருக்கும் தெரியாது. உளுந்து ரோட்டுக்கு வந்து முடிந்த பிறகு, மழைக்கு முன்னால், ஷாஃப்டை உருவி அதை மட்டும் மாற்றிவிடுவதாகப் பேசிவைத்திருக்கிறோம். சீல் இப்போதே வாங்கி என் அலமாரியில் இருக்கிறது.